ஆய்வேட்டு மாணவர்களின் உதவித்தொகையை நிறுத்தாதீர்கள்: கல்வி உதவிக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

நம் அறக்கட்டளையின் கல்வி உதவிக் குழுத் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

செமஸ்டர்தோறும் மதிப்பெண் பட்டியல் காட்டுகிறவர்களுக்கு மட்டுமே இனி உதவித்தொகை, எந்த முதுகலைப் படிப்புக்கும் 24 மாதத்துக்கு மேல் ஒரு ரூபாயும் கிடையாது என்று போன மாதம் தீர்மானம் போட்டிருக்கிறீர்கள். புதிதாகச் சேர்பவர்களோடு நிறுத்தாமல், ஏற்கெனவே படித்துக்கொண்டிருப்பவர்களையும் அதற்குள் கொண்டுவந்துவிட்டீர்கள். வேதியியலில் ஆய்வேடு எழுதி எம்.எஸ்சி. முடிக்கிற பிள்ளைகள் இந்த இரண்டு விதியிலும் அடிபடுகிறார்கள். நான் அப்படி முடித்தவள், அதுவும் இதே அறக்கட்டளையின் பணத்தில். குழுவுக்குத் தனியாக எழுதிய கடிதத்துக்குப் பதில் இல்லை. அதனால் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

தீர்மானத்துக்குக் கீழே கொடுத்திருக்கும் விளக்கத்தில், தேர்வும் இல்லாமல் மதிப்பெண்ணும் இல்லாமல் ஒரு வருடம் போனால் மாணவர் படிக்கிறாரா இல்லையா என்பதே தெரிவதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். கெட்ட எண்ணத்தில் எழுதியதாக நான் நினைக்கவில்லை. சிவாஜி நகரில் கடை வைத்திருப்பவரும், ஸ்ரீராமபுரத்தில் மாவு அரைத்து விற்பவரும் கொடுத்த பணம் அது. அவர்களுக்கு நீங்கள் கணக்குச் சொல்லியாக வேண்டும். ஆனால் கணக்குக் கேட்கிற முறை தப்பாகப் போய்விட்டது.

ஆய்வேட்டு வழியில் படிப்பவர்களுக்கு முதல் வருடம் மற்றவர்களைப் போலத்தான். வகுப்பு, பிராக்டிகல், தேர்வு, மதிப்பெண். அந்த வருடத்துப் பட்டியல்கள் உங்கள் கோப்பிலேயே இருக்கும். இரண்டாம் வருடம் வகுப்பறை முடிந்துவிடும். ஒரு கைடின், அதாவது வழிகாட்டும் ஆசிரியரின் கீழ், யாரும் இதுவரை விடை சொல்லாத ஒரு சின்னக் கேள்வியை எடுத்துக்கொண்டு லேபில் நிற்க வேண்டும். நடுநடுவே துறைக் குழுவின் முன் போய் என்ன செய்தோம், என்ன வரவில்லை என்று சொல்ல வேண்டும். அவர்கள் போதும் என்றால் சினாப்சிஸ் என்ற ஆய்வுச் சுருக்கம், பிறகு ஆய்வேடு. அது வெளித் தேர்வாளருக்குப் போய், அவர் அறிக்கை வந்த பின் வைவா என்ற வாய்மொழித் தேர்வு. கிரேடு கடைசியில் ஒரே ஒரு முறைதான் வரும். நடுவில் மதிப்பெண் பட்டியல் கேட்டால் மாணவரால் எப்படித் தர முடியும்? பல்கலைக்கழகமே அப்படி ஒன்றை அச்சடிப்பதில்லை. இல்லாத காகிதத்தைக் கேட்டுவிட்டு, அது வரவில்லை என்று பணத்தை நிறுத்துவது நியாயம் ஆகாது.

படிப்பு ஏன் நீள்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். எனக்கு நடந்ததையே சொல்கிறேன்.

நாங்கள் கோலார் தங்கவயல்காரர்கள். 2001-இல் சுரங்கத்தை மூடியதும் வீட்டில் வருமானம் நின்றது. அப்பா பெங்களூருக்கு வந்து ஒயிட்ஃபீல்டில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் செக்யூரிட்டி வேலைக்குச் சேர்ந்தார். அம்மாவின் ஊர் முல்பாகல் பக்கம். கோலார் மாவட்டத்தில் பல ஊர்களில் போர்வெல் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம். மாமா பிள்ளைகளின் பல்லில் பழுப்புக் கறை படிந்திருப்பதைப் பார்த்தே வளர்ந்தேன். குடிநீருக்கான இந்தியத் தர அளவு ஐ.எஸ். 10500, லிட்டருக்கு 1 மில்லிகிராம் ஃப்ளோரைடுதான் இருக்கலாம் என்கிறது. வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 1.5 வரை போகலாம். விலை உயர்ந்த கருவி எதுவும் இல்லாமல், நிறம் மாறுவதைக் கண்ணால் பார்த்தே அந்த அளவைச் சொல்லும்படி ஒரு சேர்மம் செய்ய முடியுமா என்பதுதான் என் ஆய்வேட்டின் கேள்வி.

யோசனை எளிமையானது. மஞ்சள் நிறம் தரும் ஒரு ஃபீனாலின் ஆக்சிஜன்மேல் சிலிக்கான் உள்ள ஓர் அணுத் தொகுதியை மூடி போட்டதுபோல் மாட்டிவிட்டால் நிறம் மறைந்துவிடும். 1972-இல் கோரி, வெங்கடேஸ்வரலு என்ற வேதியியலாளர்கள் சேர்ந்து வெளியிட்ட தொகுதி அது. இன்றைக்கும் கரிம வேதியியல் லேப் எதிலும் புழங்குகிறது. ஃப்ளோரைடு என்றால் சிலிக்கானுக்கு இழுப்பு அதிகம். தண்ணீரில் ஃப்ளோரைடு இருந்தால் அது மூடியைக் கழற்றிவிடும், மஞ்சள் வெளியே வரும்.

சேர்மம் உருவானது. சிக்கல் அதைச் சுத்தம் செய்வதில் வந்தது. சிலிக்கா தூள் நிரப்பிய கண்ணாடிக் குழாயின் மேலே ஊற்றி, ஹெக்சேனும் எத்தில் அசிட்டேட்டும் கலந்து இறக்கினால், கீழே டெஸ்ட் டியூபில் வந்து விழுவதில் பாதி, மூடி கழன்ற பழைய ஃபீனாலாகவே இருந்தது. திரும்பச் செய்தாலும் அதே கதை. வினையே சரியாக நடக்கவில்லையா, கரைப்பானில் ஈரமா, அந்த மூடியைத் தரும் சிலில் குளோரைடு பாட்டில் பழசாகிவிட்டதா என்று ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டே வர வேண்டியிருந்தது. புது பாட்டில் ஒன்று வாங்க வேண்டும் என்றால் கொட்டேஷன், பர்ச்சேஸ் கமிட்டி, கையெழுத்து என்று அது தனி ஓட்டம்.

கடைசியில் லேபில் இருந்த ஒரு சீனியர் அக்கா சொல்லிக்கொடுத்த சோதனைதான் வழி காட்டியது. டி.எல்.சி. என்று சொல்லும், சிலிக்கா பூசிய சதுரத் தகட்டின் ஒரு மூலையில் சேர்மத்தைப் புள்ளியாக வைத்து, கரைப்பானை ஒரு பக்கமாக ஓடவிட வேண்டும். காயவைத்து, கொஞ்ச நேரம் அப்படியே விட்டு, தகட்டை 90 டிகிரி திருப்பி அதே கரைப்பானில் இன்னொரு முறை ஓடவிட வேண்டும். சிலிக்காவின் மேல் சேர்மம் கெடாமல் இருந்தால் புள்ளிகள் எல்லாம் மூலைவிட்டத்தின் மேலேயே நிற்கும். என் தகட்டை 254 நானோமீட்டர் புற ஊதா விளக்கின் கீழே வைத்துப் பார்த்தால், மூலைவிட்டத்தை விட்டு விலகிக் கீழே ஒரு கரும்புள்ளி. சுத்தம் செய்யப் பயன்படுத்திய சிலிக்காவின் லேசான அமிலத்தன்மையே என் சேர்மத்தை உடைத்துக்கொண்டிருந்தது. டிரைஎத்தில்அமீன் என்ற காரம் ஒரு சதவீதம் கலந்த கரைப்பானால் சிலிக்காவை முதலில் கழுவிவிட்டு, அதன் பிறகு ஊற்றினேன். சேர்மம் உடையாமல் இறங்கியது.

இதெல்லாம் ஆய்வேட்டில் இரண்டு பத்தி. ஆனால் நான் வேதியியல் கற்றது அந்த மாதங்களில்தான். ஒரு முடிவை எப்படிச் சந்தேகப்படுவது, சந்தேகத்தை எப்படிச் சோதனையாக மாற்றுவது என்பதை எந்த வகுப்பும் எனக்குச் சொல்லித் தரவில்லை. உங்கள் விளக்கத்தில் மாணவர் படிக்கிறாரா என்று தெரியாத காலம் என்று இருக்கிறதே, அந்தக் காலம் இதுதான்.

மாணவர் கையில் இல்லாத தாமதங்களும் உண்டு. செய்த பொருள் இன்னதுதான் என்று நிரூபிக்க, மூலக்கூறின் அமைப்பைக் காட்டும் என்.எம்.ஆர். கருவி வேண்டும். அந்தக் கருவியின் காந்தம் திரவ ஹீலியத்தில், கிட்டத்தட்ட மைனஸ் 269 டிகிரியில் மூழ்கியிருந்தால்தான் வேலை செய்யும். நம் நாட்டுக்கு ஹீலியம் வெளியிலிருந்துதான் வருகிறது. எங்கள் துறையில் ஹீலியம் வருவது தள்ளிப்போனபோது கருவியும் நின்றது. மாதிரிகளை வெளி நிறுவனத்துக்குக் கட்டணம் கட்டி அனுப்பினோம். அங்கிருந்து வரும் வரைபடத்தில் 1.26, 2.05, 4.12 என்ற இடங்களில் கோடு தெரிந்தால் மனசு சோர்ந்துவிடும். எத்தில் அசிட்டேட் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். மறுபடி வெற்றிடத்தில் காயவைக்க வேண்டும், மறுபடி வரிசை, மறுபடி கட்டணம். அந்தக் கட்டணத்தைக் கைடின் திட்டப் பணம் தாங்கும் லேபும் உண்டு, தாங்காத லேபும் உண்டு. தாங்காத லேபில் மாணவரின் மாதச் செலவிலிருந்துதான் போகும். உங்கள் உதவித்தொகையில் ஒரு பங்கை நான் அப்படித்தான் செலவழித்தேன்.

ஆய்வேட்டைக் கொடுத்தாலும் முடிந்துவிடாது. தேர்வாளர் அறிக்கை வர மாதங்கள் ஆகும். அதுவரை ஹாஸ்டல் அறை நிச்சயமில்லை, சான்றிதழ் இல்லை, வேலைக்கு விண்ணப்பித்தால் கன்சாலிடேட்டட் மார்க் கார்டு எங்கே என்று கேட்பார்கள். ஒரு மாணவிக்குக் கை நீட்டி உதவ வேண்டிய நேரம் என்று ஒன்று இருந்தால் அது இதுதான். 24 மாதக் கோடு சரியாக இங்கேதான் வந்து விழுகிறது.

எனக்கும் 24 மாதம் தாண்டியது. அன்று இருந்த குழு என்ன செய்தது தெரியுமா? கைடிடம் ஒரு கடிதம் வாங்கிவரச் சொன்னார்கள். எதுவரை முடிந்திருக்கிறது, என்ன பாக்கி, எப்போது கொடுக்க முடியும் என்று அவர் எழுதித் தந்தார். அந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு வைவா வரைக்கும் மாதாமாதம் பணம் போட்டார்கள். யாரும் ஏமாற்றவில்லை, யாரும் ஏமாறவும் இல்லை. ஆய்வேட்டின் ஒரு பிரதி அலுவலக அலமாரியில் இருக்கிறது. நானே கொண்டுவந்து கொடுத்தேன். முழுத் தண்ணீரில் என் சேர்மம் மெதுவாகத்தான் நிறம் மாறுகிறது, ஃப்ளோரைடைத் தண்ணீர் மூலக்கூறுகள் இறுக்கிப் பிடித்துக்கொள்வதே காரணம் என்று கடைசி அத்தியாயத்தில் எழுதியிருக்கிறேன். ஊரில் போய் உடனே பயன்படுத்தும் பொருளாக அது ஆகவில்லை. ஆனால் எங்கே தடை இருக்கிறது என்று அடுத்து வருபவருக்குத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. வெளித் தேர்வாளர் அதிக நேரம் கேள்வி கேட்டதும் அந்த அத்தியாயத்தைத்தான்.

இப்போது இன்னொரு பெண் அதே இடத்தில் நிற்கிறாள். தங்கவயல் பக்கத்து மாரிக்குப்பத்தில் விடியற்காலை ரயில் பிடித்துப் பெங்களூர் வந்து போகிறவள். ஆய்வேட்டின் செய்முறை வேலை பெரும்பகுதி முடிந்துவிட்டது, எழுத வேண்டியது பாக்கி. இந்த மாதப் பணம் வரவில்லை. காரணம் கேட்டதற்குத் தீர்மானத்தின் நகலை அனுப்பியிருக்கிறார்கள். மாலையில் ஒரு துணிக்கடை பில்லிங் கவுண்டரில் உட்காரத் தொடங்கியிருக்கிறாள். மாலையில் லேபை விட்டுவிட்டால் இரவு முழுக்க ஓட வேண்டிய வினையை யார் பார்ப்பார்கள்? பாக்கி இருக்கிற கொஞ்ச வேலையும் இழுத்துக்கொண்டே போகும். உங்கள் விதி எந்தத் தாமதத்தைத் தடுக்க வந்ததோ, அதே தாமதத்தை இப்போது அதுவே உண்டாக்குகிறது.

வேறு உதவித்தொகை வாங்கிக்கொள்ளட்டுமே என்று ஒரு உறுப்பினர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். ஐயா, மத்திய அரசின் ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை 2023 ஜனவரியிலிருந்து மாதம் 37,000 ரூபாய். அது பிஎச்.டி.யில் சேர்ந்தவர்களுக்கு. அதற்கான நெட் தேர்வில் முன்கூட்டியே தேறியிருந்தாலும், முதுகலையில் இருப்பவர் அதை முடிக்காமல் அந்தப் பணத்தைத் தொட முடியாது. எம்.ஃபில். என்ற இடைப்படி இருந்தது, 2022-இல் பல்கலைக்கழக மானியக் குழு கொண்டுவந்த விதிகளோடு அதுவும் போய்விட்டது. பிஎச்.டி.க்கு முன் ஓர் ஏழை வீட்டுப் பிள்ளை ஆராய்ச்சி என்றால் என்ன என்று கைபட்டுத் தெரிந்துகொள்ள மிச்சம் இருப்பது பெரும்பாலும் எம்.எஸ்சி. ஆய்வேடுதான். அதே மானியக் குழு 2024-இல் வெளியிட்ட முதுகலைப் பாடத்திட்டச் சட்டகத்தில் இரண்டாம் வருடம் முழுவதையும் ஆராய்ச்சியாகவே எடுத்துக்கொள்ள வழி வைத்திருக்கிறார்கள். ஆக இனி இப்படிப் படிப்பவர்கள் அதிகமாகத்தான் ஆவார்கள். இன்று ஒருத்திக்குச் சொன்ன பதிலை நாளைக்குப் பத்துப் பேருக்குச் சொல்ல வேண்டி வரும்.

வேலை கிடைக்காத படிப்பு என்ற பேச்சும் இருக்கிறது. ஐ.டி. கோர்ஸுக்குக் கொடுத்தால் ஆறு மாதத்தில் சம்பளம் என்கிறீர்கள். அந்தப் பிள்ளைகளுக்கும் கொடுங்கள், அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் ஜிகணியிலும் பொம்மசந்திராவிலும் மருந்துக் கம்பெனிகள் வரிசையாக இருக்கின்றன. அதில் ஒன்றில்தான் நான் வேலை செய்கிறேன். நேர்முகத் தேர்வில் என் முதல் வருட மதிப்பெண்ணைப் பற்றி ஒரு கேள்விகூட வரவில்லை. சேர்மத்தை எப்படிச் சுத்தம் செய்தாய், அது உடைகிறது என்று எப்படிக் கண்டுபிடித்தாய் என்றுதான் கேட்டார்கள். மேலே சொன்ன தகட்டை வெள்ளைப் பலகையில் வரைந்து காட்டினேன். அப்பா இப்போது இரவு டியூட்டிக்குப் போவதில்லை.

இந்த ஊரில் நடந்த ஒன்றை நினைவூட்ட வேண்டும். 1933-இல் கமலா பாக்வத் என்ற பெண், பின்னாளில் கமலா சோஹோனி என்று அறியப்பட்டவர், பம்பாயில் பட்டம் முடித்துவிட்டு நம் இந்திய அறிவியல் கழகத்தில் ஆராய்ச்சி செய்ய இடம் கேட்டார். பெண் என்பதால் இடமில்லை என்றார் அப்போது இயக்குநராக இருந்த சர் சி.வி. ராமன். நம்மவர் என்று நாம் பெருமைப்படுகிற ராமன்தான். அவர் செய்தது அநியாயம் என்று சொல்வதில் எனக்குத் தயக்கம் இல்லை. கமலா விடவில்லை. கடைசியில் ஓராண்டு தகுதிகாண் நிபந்தனையோடு சேர்த்துக்கொண்டார்கள். சீனிவாசய்யா என்ற ஆசிரியரின் கீழ் பாலிலும் பருப்பு வகைகளிலும் உள்ள புரதங்களை ஆராய்ந்தார். இங்கே செய்த அந்த வேலைக்குத்தான் 1936-இல் பம்பாய்ப் பல்கலைக்கழகம் அவருக்கு எம்.எஸ்சி. கொடுத்தது. ஆய்வேட்டு வழி முதுகலை. அதன் பிறகு கேம்பிரிட்ஜ் போய் பிஎச்.டி. முடித்தார். மனசில்லாமல் சேர்த்துக்கொண்ட ராமன்கூட, அந்த ஓராண்டின் முடிவில் வேலையின் தரம் எப்படி என்றுதான் பார்த்தார். செமஸ்டர் பட்டியல் கேட்கவில்லை. நீங்களும் வேலையின் தரத்தைப் பாருங்கள். எவ்வளவு கடுமையாக வேண்டுமானாலும் பாருங்கள். பார்க்கவே மாட்டோம் என்று கதவைச் சாத்தாதீர்கள்.

நான் கேட்பவை இவை. தீர்மானம் போடும் முன்பே சேர்ந்த மாணவர்களுக்கு அது செல்லாது என்று உடனே அறிவியுங்கள். மாரிக்குப்பத்து மாணவிக்கு நிறுத்திய பணத்தை இந்த மாதமே அனுப்புங்கள். ஆய்வேடு எழுதும் காலத்தில் மதிப்பெண் பட்டியலுக்குப் பதிலாகத் துறைக் குழுவின் முன்னேற்ற அறிக்கையையோ, துறைத் தலைவர் மேலொப்பமிட்ட கைடின் கடிதத்தையோ ஏற்றுக்கொள்ளுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை என்றாலும் சரி, தருகிறோம். 24 மாதக் கோட்டை எடுத்துவிட்டு, காரணத்தை எழுதிக் கேட்பவர்களுக்கு ஆறு மாதம் நீட்டிப்பும், ஆய்வேடு கொடுத்த பின் வைவா வரைக்கும் உதவியும் உண்டு என்று விதியிலேயே எழுதுங்கள். என்.எம்.ஆர். போன்ற சோதனைக் கட்டணங்களுக்கு ரசீது காட்டினால் ஒரு வரம்புக்குள் பணம் தர ஒரு சின்ன நிதி ஒதுக்குங்கள். அதற்கு முதல் பங்கை நான் தருகிறேன், இதே உதவியில் படித்து இன்று சம்பாதிக்கிற இன்னும் சிலரும் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். இனி அறிவியல் மாணவர்களைப் பற்றி முடிவெடுக்கும்போது லேபில் வேலை பார்த்த ஒருவரையாவது குழுவில் உட்கார வையுங்கள். வேறு ஆள் கிடைக்கவில்லை என்றால் என்னைக் கூப்பிடுங்கள், எந்த ஞாயிற்றுக்கிழமை என்றாலும் வருகிறேன்.

பதிலை எழுத்தில், அடுத்த தவணை கொடுக்கும் தேதிக்கு முன் தரும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் உதவியில் படித்த மாணவி
ஜிகணி, பெங்களூர்